சுவரில் நூறு காட்டும் வரை

ஜூன் 2, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பிட் என்பதை மரியாதையாகச் சொன்னால் பைட் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வா, வாங்க மாதிரி. சாதுவாகப் பேசுகிறவரிடம் மெகாபிட் என்பேன், எகிறுகிறவரிடம் மெகாபைட் என்பேன். இன்று போனில் ஒருவர் பொறுமையாக விளக்கினார். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்டாம். அதனால்தான் நாங்கள் நூறு மெகாபிட் கொடுத்தாலும், படம் இறங்கும்போது கம்ப்யூட்டர் பன்னிரண்டுக்குப் பக்கமாகக் காட்டுகிறதாம்.

நானோ, "நூறுன்னு சொல்லிட்டு பன்னெண்டு தர்றீங்களே" என்று கேட்ட அத்தனை பேரிடமும், "மீதி வழியில வந்துக்கிட்டே இருக்கு சார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவர்கூட மறுத்துக் கேட்டதில்லை. குரலில் சர்க்கரை இருந்தால் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

நாலாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவளை இன்டர்நெட் கம்பெனியின் புகார் போனில் உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்? என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. அவர் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி நடத்துகிறான். கீழே ஆபீஸ், மேலே வீடு. மேலே எனக்கு ஒரு அறை. கேபிள் சுருள்கள் போக மிச்ச இடத்தில் கட்டில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். காற்று வர வேண்டுமென்றால் சுவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

காதில் மாட்டுகிற போன் குழாயின் ஒயர் வாசப்படி வரை வரும். தெருவுக்கு வராது. நானும் அப்படித்தான்.

ஜூன் 3, புதன்

என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் கூப்பிட்டாள். வேறு ஊரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் பார்க்கிறாள். "மேற்பார்வைக்கு ஆள் தேடுறாங்கடி. வயசான, வாயாடத் தெரிஞ்ச பொம்பளையா வேணுமாம். உன்னைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்?"

"வயசானங்கிறதை எடுத்துடு, வர்றேன்" என்றேன்.

தனி அறை. ஜன்னலுக்கு வெளியே மரமாம். ஆனால் மாதக் கடைசிக்குள் வர வேண்டும், அதற்கு மேல் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். கடைசியாக வேலை பார்த்த இடத்திலிருந்து, 'இவரை நாங்களே சம்மதித்து அனுப்புகிறோம்' என்று ஒரு வரி எழுதி வாங்கிவர வேண்டும்.

வேலை பார்த்த இடம். அதாவது கொழுந்தன். சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

ஜூன் 6, சனி

கேட்டுவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் கேட்டால் வாயில் சோறு இருக்கும், உடனே மறுக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். அவன் மென்று முழுங்கிவிட்டு நிதானமாகப் பேசினான்.

"அண்ணி போறேன்னா நான் தடுப்பேனா?"

இப்படி ஆரம்பித்தால் தடுக்கப் போகிறான் என்று அர்த்தம்.

"ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்ம பெரிய கஸ்டமரு ஸ்கேன் சென்டரு. அவங்களுக்கே நூறு முழுசாப் போகல. லைன் இப்படி இருக்கறப்ப வீட்டு மனுஷியே வேற இடத்துக்கு வேலைக்குப் போயிட்டாங்கன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? சுவத்துல அந்த நூறு வரட்டும். வந்த அன்னைக்கே கடுதாசி எழுதித் தர்றேன்."

ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது. எந்த கஸ்டமருக்கு எவ்வளவு வேகம் போகிறது என்று அந்த மீட்டர் காட்டும். முதல் வரி ஸ்கேன் சென்டர். அவர்கள் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை எங்கோ இருக்கிற டாக்டர்களுக்கு அனுப்பும்போது லைன் நிரம்பும். அப்போதுதான் எண் உச்சிக்குப் போய் நிற்கும்.

நாத்தனாரை ஸ்பீக்கரில் போட்டுச் சாட்சியும் வைத்துக்கொண்டான். "நியாயம்தானே" என்றாள் அவள். நியாயம் என்பது தொலைவிலிருந்து பேசுகிறவர்களுக்கு எப்போதும் கையில் இருக்கும்.

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அறைக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சுவரில் நூறை நான் என்றைக்காவது பார்த்திருக்கிறேனா?

ஜூன் 8, திங்கள்

எங்கள் லைன்மேனுக்கு ஏணி என்று பெயர் வைத்திருக்கிறேன். தோளில் ஏணி இல்லாமல் பார்த்தால் அடையாளம் தெரியாது. அவனை ஸ்கேன் சென்டர் வரைக்கும் ஏறி இறங்க வைத்தேன். இணைப்பெல்லாம் புதுசு, பெட்டி புதுசு. திரையில் 95.37.

"இன்னும் என்னக்கா மாத்தணும்?"

"ஆளை மாத்தணும். உன்னையா என்னையான்னு சொல்லு."

அவன் எதையோ சொல்ல வந்து, கொழுந்தன் பக்கம் பார்த்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 9, செவ்வாய்

95.37.

ஜூன் 11, வியாழன்

ஸ்கேன் சென்டரில் படம் அனுப்புகிற அம்மாவை நானே கூப்பிட்டேன். நான்தான் புகாரைத் தேடிப் போகிறேன் பாருங்கள், என் நிலைமை.

"மேடம், உங்களுக்கு நூறு வரமாட்டேங்குதே, ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

"வருதே. நல்லாத்தான் வருது. இருங்க, இப்ப ஒரு ஸ்கேன் போய்க்கிட்டிருக்கு. எங்க டெஸ்ட்ல நூறுன்னுதான் காட்டுது."

நான் சுவரைப் பார்த்தேன். அதே நேரத்தில் 95.37.

"மேடம், எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இங்க தொண்ணூத்தஞ்சுதான்."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "தொண்ணூத்தஞ்சு புள்ளி மூணு ஏழா? அப்ப லைன்ல ஒண்ணும் குறையில்ல. உங்க மீட்டரு வேற கணக்குல எண்ணுது. நாளைக்கு மத்தியானம் கூப்பிடுங்க, சொல்லித் தர்றேன்."

குறையில்லையாம். அப்படியானால் குறையில்லாததைச் சரி செய்யச் சொல்லி என்னை உட்கார வைத்திருக்கிறார்களா?

ஜூன் 12, வெள்ளி

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். அந்த அம்மா தண்ணீரை வைத்துச் சொன்னார்.

ஒரு வீட்டில் ஆயிரம் குவளை ஒரு வாளி. ஆயிரம் வாளி ஒரு தொட்டி. இன்னொரு வீட்டில் ஆயிரத்து இருபத்து நாலு குவளை ஒரு வாளி, ஆயிரத்து இருபத்து நாலு வாளி ஒரு தொட்டி. குவளைதான் பிட். வாளி கிலோபிட். தொட்டி மெகாபிட். சின்னத் தொட்டியில் பத்து லட்சம் குவளை. பெரிய தொட்டியில் பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறு. ஒரு நொடியில் எத்தனை தொட்டி போகிறது என்பதுதான் வேகம்.

நாங்கள் விற்பது சின்னத் தொட்டி. நூறு சின்னத் தொட்டித் தண்ணீரைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் தொண்ணூற்றைந்து புள்ளி மூன்று ஏழுதான் நிரம்பும். ஒரு சொட்டும் குறையவில்லை. சுவரில் இருக்கிற மீட்டர் பெரிய தொட்டி வீட்டுக்காரன்.

"அதென்ன ஆயிரத்து இருபத்து நாலு? கடைக்காரன் கொசுறு போட்ட மாதிரி?"

"மெஷினுக்கு ரெண்டு விரல்தான். ரெண்டை ரெண்டாலயே பெருக்கிக்கிட்டுப் போனா ஆயிரத்துல நிக்காது, ஆயிரத்து இருபத்து நாலுல போய்த்தான் நிக்கும். இந்தப் பெரிய கணக்குக்குத் தனிப் பேரெல்லாம் வெச்சிருக்காங்க, மெபிபிட்டுன்னு. பாதி மீட்டருல அதைப் போடுறதில்ல, சும்மா மெகான்னு போட்டுடுறாங்க. கிலோவுல நூத்துக்கு ரெண்டரைகூட வித்தியாசம் வராது. மெகாவுல அஞ்சுகிட்ட வரும். கிகாவுல ஏழுக்கு மேல."

பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் கூடுகிறது. குடும்பங்களும் இப்படித்தான் என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. பெரிய குடும்பம் போலிருக்கிறது.

சாயங்காலம் கொழுந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குவளை, வாளி, தொட்டி, ஒன்று விடாமல். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். கடைசியில், "நல்லா வெளக்குறீங்க அண்ணி. ஆனா சுவத்துல நூறு வரலையே" என்றான்.

ஜூன் 13, சனி

மீட்டரின் கணக்கை மாற்ற ஓர் இடம் இருக்குமாம், ஒரு டிக் அடித்தால் போதுமாம். ஆனால் அதற்குள் போகக் கடவுச்சொல் வேண்டும். அது கொழுந்தனிடம். கேட்டேன். "எங்கேயோ எழுதி வெச்சேன் அண்ணி, தேடணும்" என்றான். அவன் தேடுகிற அழகு எனக்குத் தெரியும். கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவன்.

என் கையில் இருப்பது இன்னொன்று. புகார் வந்தால் கஸ்டமரின் லைன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கட்டம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் கிலோபிட்டில் போட வேண்டும். ஸ்கேன் சென்டருக்கு 100000.

மீட்டரை மாற்ற முடியாவிட்டால் தண்ணீரை மாற்றுவோம்.

ஜூன் 16, செவ்வாய்

மானம் போச்சு.

மீட்டர் தொண்ணூற்றைந்தைத்தானே நூறு என்று நினைக்கிறது, அப்போது தொண்ணூற்றைந்து புள்ளி மூன்று ஏழு கொடுத்தால் நூறு காட்டும் என்று என் மூளை சொன்னது. நேற்று கட்டத்தில் 95370 போட்டேன். மிகவும் பெருமையாக டீ குடித்தேன்.

இன்று காலையில் சுவரில் 90.95.

ஸ்கேன் அம்மா கூப்பிட்டார். "என்ன, இன்னைக்குப் படமெல்லாம் நொண்டுது?"

"நான்தான் மேடம். தொட்டி பெருசா இருக்குன்னு தண்ணியக் குறைச்சுட்டேன்."

"பெரிய தொட்டி நூறு நிரம்பணும்னா தண்ணி கூட ஊத்தணுமா, குறைக்கணுமா?" என்றார். சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி. உடனே பழையபடி 100000 ஆக்கினேன்.

கொழுந்தன் திரையைப் பார்த்துவிட்டுப் போனான். "அண்ணி, இப்படிப் பின்னாலயே போனீங்கன்னா நூறு எப்ப வரும்?" சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இருந்தது. அல்லது எனக்குத்தான் அப்படிப் பட்டதோ?

ஜூன் 18, வியாழன்

காலையிலிருந்து குழாயைக் கழற்றவில்லை. காதுமடல் எரிகிறது. ஒரு கஸ்டமர் என் பரம்பரையையே திட்டினார். "சார், நீங்க சொன்ன ஆளுங்கள்ல பாதிப் பேரை எனக்கே பிடிக்காது" என்றேன். சிரித்துவிட்டார், வைத்துவிட்டார்.

தண்ணீர் குடிக்க எழுந்தபோது போன் அடித்தது. பக்கத்தில் கொழுந்தன்தான் நின்றான். எடுக்கவில்லை. அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தான். நான் ஓடிவந்து எடுத்தேன். இவன் வியாபாரம் செய்து இத்தனை வருஷம் ஆகிறது. ஒரு போனைக்கூட எடுத்து நான் பார்த்ததில்லை. இதை எப்படி இதுவரை கவனிக்காமல் இருந்தேன்?

ஜூன் 20, சனி

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் உதவி கேட்க மனசு வரவில்லை. நான் போனால் அந்த நாற்காலி அவளுக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் போனில் கணக்கு நன்றாகப் போடுவாள்.

"ஏம்மா, நூறை ஒண்ணு புள்ளி சைபர் நாலு எட்டு அஞ்சு ஏழு ஆறால பெருக்கிக் குடேன்."

"எதுக்குக்கா?"

"நான் வெளிய போறதுக்கு."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "நீங்க போனா அந்தக் குழாயை என் காதுல மாட்டிருவாரு."

"தெரியும்."

"எனக்கு உங்க மாதிரிப் பேச வராதுக்கா. அழுதுருவேன்."

"அழு. அழுதா உடனே வெச்சிருவாங்க. நல்ல வழி."

சிரித்தாள். சிரித்துவிட்டு முகம் மாறிற்று. என்ன நினைத்தாளோ, போனை எடுத்துப் பெருக்கினாள். 104.8576. கிலோபிட்டில் 104857.6. கட்டம் புள்ளியை ஏற்காது; 104858 என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். நான் போடவில்லை. அவள்தான் போட்டாள்.

ஜூன் 22, திங்கள்

100.00

சுவரில். ஸ்கேன் அம்மா காலையின் முதல் படத்தை அனுப்பியதும் ஏறி, ஏறி, நின்றது. நான் கை தட்டினேன். ஏணி எட்டிப் பார்த்துவிட்டு அவனும் தட்டினான், எதற்கென்று கேட்காமலே.

கொழுந்தன் டீயை முழுசாகக் குடித்து முடித்தான். "நல்லது அண்ணி. ஒரு நாள் நிலையா நிக்கட்டும், பார்ப்போம்."

நிற்கட்டும். நான் எத்தனை வருஷம் நின்றேன்.

ஜூன் 23, செவ்வாய்

104.86

காலையில் இறங்கி வந்தால் சுவரில் இது. நான் எதையும் தொடவில்லை. கட்டத்தில் அதே 104858தான்.

"பார்த்தீங்களா அண்ணி. நான் நூறுன்னுதான் சொன்னேன். இது நூத்தி நாலு. கூடுதலாப் போகுது. இதுவும் கோளாறுதான்."

என் வாயில் ஒன்றும் வரவில்லை. எனக்கு! வாசப்படி வரை போனேன். ஒயர் இழுத்தது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மாதம் முடியப் போகுது. அந்த இடம் போயிடும். இன்னொரு தடவை யாரு எனக்கு ரூம் குடுப்பா? இந்தச் சுருளுங்களோட சுருளா நானும் இங்கேயே கிடக்க வேண்டியதுதானா —

ஜூன் 24, புதன்

ஸ்கேன் அம்மாவிடம் சொன்னேன். உடனே சொல்லிவிட்டார்: "தண்ணி மாறல. நூத்தி நாலு சின்னத் தொட்டியை இப்ப சின்னத் தொட்டியாவே எண்ணுது. யாரோ மீட்டர்ல அந்த டிக்கை மாத்திட்டாங்க."

யாரோ.

கடவுச்சொல் தெரிந்த யாரோ. டிக் எங்கே இருக்கிறது என்று தெரிந்த யாரோ. நான் குவளை வாளி என்று கையை ஆட்டி விளக்கியபோது தலையாட்டிக் கேட்ட யாரோ. எப்போதிலிருந்து தெரியும்? வாக்கு வாங்கின அன்றைக்கேவா? சாட்சி வைத்தபோதே தெரியுமா? அடப்பாவி. என் கையால சாப்பிட்டு வளர்ந்தவன்டா நீ.

இன்றைக்கு யாரையும் கிண்டல் செய்யவில்லை. கஸ்டமர் ஒருவர், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஜூன் 25, வியாழன்

காலையில் எழுந்ததும் புரிந்தது. டிக்கை மாற்றியது அவன். மாற்றியதும் மீட்டர் நாம் விற்கிற சின்னத் தொட்டிக் கணக்குக்கு வந்துவிட்டது. இனி தண்ணீரைக் கூட்டவே தேவையில்லை.

ஓரகத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தேன். கொழுந்தனும் இருந்தான். கட்டத்தில் 104858 என்பதை அழித்து, பழைய 100000 என்று போட்டேன். ஸ்கேன் அம்மாவைக் கூப்பிட்டு, "பெரிய ஸ்கேனா ஒண்ணு அனுப்புங்க மேடம்" என்றேன்.

சுவரில் ஏறியது. 100.00. நின்றது.

"இது கூடவும் இல்ல, குறையவும் இல்ல தம்பி" என்றேன். "இன்னொரு தடவை டிக்கை மாத்தினா திரும்பத் தொண்ணூத்தஞ்சு வரும். மாத்தப் போறியா? நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு நிக்கிறோம்."

ஓரகத்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, இது உங்களுக்குத் தெரியுமா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அக்கா ஏணியை ஏத்தி இறக்கிக்கிட்டிருந்தப்பவே தெரியுமா?"

"போன வருஷமே ஏணி சொன்னான்" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னான்: "ஒருத்தன் போன்ல கத்தினா எனக்குக் கை நடுங்குது அண்ணி. அண்ணன் இருந்தப்ப அவரு எடுப்பாரு. அப்புறம் நீங்க. நீங்களும் போயிட்டா?"

கோபத்தைத் தேடினேன். இருந்தது, ஆனால் எடுக்க முடியாத அலமாரியில் இருந்தது. இவனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. மீட்டரை ஏண்டா பூட்டாப் போட்டே?"

அப்போது போன் அடித்தது. பழக்கத்தில் என் கை போயிற்று. ஓரகத்தி முந்திக்கொண்டாள். என் காதிலிருந்து குழாயைக் கழற்றி, புருஷன் தலையில் மாட்டி, மைக்கை அவன் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

"ஹலோ" என்றான். "சார்... ஆமா சார்... அண்ணிகிட்டக் குடுக்கறேன் —"

"அண்ணி இல்லைன்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அங்கேயே நின்றிருந்தேன்.

"அண்ணி... இல்ல சார்" என்றான்.

ஜூன் 27, சனி

கடுதாசி தந்துவிட்டான். 'சம்மதித்து அனுப்புகிறோம்' என்று எழுதி, கீழே அவனாக ஒரு வரி சேர்த்திருக்கிறான்: 'இவர் இருந்த இடத்தில் சத்தம் போட்டவர்கள் குறைவு.' நற்சான்றா, புலம்பலா தெரியவில்லை. மடித்து வைத்துக்கொண்டேன்.

நேற்று முழுக்க அவன்தான் போன் எடுத்தான். கத்துகிறவர்களிடம் ஒன்றுமே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதுவும் ஒரு வித்தைதான் போலிருக்கிறது. களைத்துப்போய் அவர்களே வைத்துவிடுகிறார்கள்.

ஓரகத்தி என் புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். ஒன்றைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூன் 28, ஞாயிறு

பஸ். ஜன்னலோர இடம். வழி முழுக்க வாய் மூடவில்லை, பக்கத்தில் இருந்தவர் தூங்குவதுபோல் நடித்தார்.

ஜூலை 3, வெள்ளி

இன்று காலை விடுதிப் பெண்கள் எல்லோரையும் கூட்டி, அறைச் சாவியை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். பிறகு துவைத்த துணியை உலர்த்த மாடிக்கு வந்தேன். இங்கே கதவுகள் இழுத்துச் சாத்தினால் தாமாகவே பூட்டிக்கொள்ளும் வகை. என் சாவி என் அறைக்குள் இருக்கிறது. எல்லா அறைக்கும் மாற்றுச் சாவி உண்டு. அந்தக் கொத்து மேற்பார்வையாளர் அறையில் இருக்கும். மேற்பார்வையாளர் நான். பூட்டுக்காரர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கைப்பையில் இந்த நோட்டு இருந்தது, எழுதுகிறேன். துணி காய்ந்துவிட்டது.